சித்தி வந்திருக்காங்க

ஜெர்லினுக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது. பயிற்சி வகுப்பு கைபேசியில் ஓடிக்கொண்டிருந்தபோதும் மொட்டை மாடியில் நடந்துகொண்டேதான் கேட்டாள். கொரோனாவின் இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த மே மாதம் அது. மாவட்டங்களில் வேலை செய்யும் பத்திரிகைப் பெண்களுக்காகச் சென்னையிலிருந்து ஒரு மூத்த நிருபர் ஜூமில் வகுப்பு எடுத்தார். முகக்கவசத்தைக் காதுப்பக்கமாகப் பிடித்துக் கழற்றுவது, மைக்கை நீளக் குச்சியில் கட்டிப் பேட்டி எடுப்பது, வண்டியை எப்போதும் வெளியே போகிற திசை பார்த்து நிறுத்துவது, கூட்டம் கோபப்பட்டால் எந்தப் பக்கம் நகர்வது, கவச உடைக்குள் மாதவிலக்கு நாளைச் சமாளிப்பது என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டு போனார்.

ஜெர்லினிடம் அந்தப் பொறுமை இல்லை. சேலத்தில் ஒரு நாளிதழின் நிருபர் அவள். ஆஸ்பத்திரி வாசலிலும் சுடுகாட்டு வாசலிலும் நின்று நின்று அவளுக்குத் தூக்கம் போய்விட்டிருந்தது. "இதையெல்லாம் போன வருஷமே சொல்லியிருக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வந்தாள்.

அரிசிப்பாளையத்தில் அவர்களுடையது சின்ன வீடு. கீழே அம்மா இன்பமேரி. மாடி அறையில் ஜெர்லின். அம்மாவுக்கு ஆஸ்துமா. மகள் வேலைக்குப் போவதை அவள் தடுக்கவில்லை. சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு, கீழே போய் நின்றுகொண்டு, "எடுத்துக்கோடி" என்று குரல் கொடுப்பாள். தாயும் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து பேசி ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. இரவில் கீழேயிருந்து இருமல் சத்தம் வந்தால் ஜெர்லின் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அது பழைய இருமலா புதிய இருமலா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள்.

பயிற்சியின் முடிவில் ஆளுக்கு ஒரு ஜோடி போட்டுவிட்டார்கள். வெளியே கிளம்பும்போது எங்கே போகிறோம் என்று ஜோடிக்குச் சொல்ல வேண்டும். திரும்பியதும் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் மற்றவள் தேட வேண்டும். ஜெர்லினுக்கு வாய்த்தவள் நித்யஸ்ரீ. வெண்ணந்தூர்ப் பக்கம் அத்திக்காட்டுப்புதூர். ராசிபுரத்தில் ஒரு கேபிள் சேனலுக்குச் செய்தி எடுப்பவள். மரவள்ளிக்கிழங்கும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம். இருபத்துநாலு வயது. இருவரும் நேரில் பார்த்ததே இல்லை.

"ஆபத்துல மாட்டிக்கிட்டா, பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரியாம சொல்ற மாதிரி ஒரு வார்த்தை வெச்சுக்கச் சொன்னாங்களே, என்ன வெச்சுக்கலாம்?" என்று முதல் பேச்சிலேயே கேட்டாள் ஜெர்லின்.

நித்யஸ்ரீ சிரித்தாள். "எனக்குச் சித்தியே கெடையாதுங்க்கா. எங்கம்மாகூடப் பொறந்தது எல்லாம் மாமனுங்க. எங்கப்பாவுக்கு ஒரு அண்ணன் மட்டுந்தான், தம்பி இல்லீங்க. அதனால ஊட்டுக்குச் சித்தி வந்திருக்காங்கன்னு நான் சொன்னா, சோலி சரியில்லைன்னு புரிஞ்சுக்கங்க."

"நல்லா இருக்கு. எனக்கும் அதையே வெச்சுக்கலாம்."

"உங்களுக்குச் சித்தி இருக்காங்களாங்க்கா?"

"மூணு பேர் இருக்காங்க. பரவால்ல, அவங்க யாரும் இப்ப எங்க வீட்டுக்கு வரமாட்டாங்க."

அதற்குப் பிறகு தினமும் பேச்சுத்தான். நித்யஸ்ரீ எழுதவே மாட்டாள். எல்லாம் குரல் பதிவு. பின்னணியில் மாடு கத்தும், அம்மா யாரையோ திட்டுவாள், நடுவில் இவள் தடுப்பூசி முகாமில் நடந்த தகராறைச் சொல்லி முடிப்பாள். வீட்டிலிருந்து லொக்கேஷன் அனுப்பிவிட்டுத்தான் கிளம்புவாள். ஜெர்லினுக்கு அந்தப் பதிவுகள் ஒரு பிடிமானம் மாதிரி ஆகிவிட்டன.

ஒருநாள் அந்தப் பதிவு வரவில்லை.

சாயங்காலம் ஜெர்லின் கூப்பிட்டாள். மணி அடித்து நின்றது. மறுநாள் காலை வாட்ஸப்பில் ஒரு செய்தி: "நல்லா இருக்கேன். வேலை அதிகம். ஒரு வாரம் கூப்பிட வேண்டாம்." ஜெர்லின் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒரு "அக்கா" இல்லை, ஒரு "ங்க" இல்லை. இது அவள் எழுதியதாக இருக்காது.

மறுபடி கூப்பிட்டாள். நாலைந்து முறைக்குப் பிறகு ஆண் குரல் எடுத்தது.

"யாருங்க?"

"நித்யாவோட வேலை பாக்கறவங்க. அவகிட்டக் குடுங்களேன்."

"புள்ளைக்கு ஒடம்பு சரியில்லீங்க. தூங்குது. நான் அப்பன் பேசறன்."

"ஒரே ஒரு நிமிஷங்க. ஆபீஸ்ல ஒரு விஷயம் கேக்கணும். கேக்கலைன்னா விடாம கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க."

செருப்புச் சத்தம், கோழிச் சத்தம், பிறகு கதவு திறக்கிற சத்தம். அப்புறம் ஒரு குரல். அது நித்யஸ்ரீயின் குரல்தான் என்று புரிந்துகொள்ளவே ஜெர்லினுக்குச் சற்று நேரம் பிடித்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

"ஒண்ணுமில்லீங்க்கா... நல்லாத்தான்... இருக்கறன். ஊட்டுக்கு... சித்தி வந்திருக்காங்க."

அழைப்பு அறுந்தது.

ஜெர்லின் மாடியில் நடக்கத் தொடங்கினாள். வகுப்பில் சொன்னதையெல்லாம் மனசு தேடியது. கூட்டத்துக்கு, போலீசுக்கு, செய்தி பிடிக்காத கட்சிக்காரர்களுக்கு என்று எல்லாவற்றுக்கும் வழி சொன்னார்கள். ஆனால் நிருபரின் சொந்த வீட்டுக்குள் அவளுக்கு ஆபத்து என்றால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

பயிற்சி நடத்தியவரைக் கூப்பிட்டாள். அவர் இழுத்தடிக்கவில்லை. "முதல்ல நூத்தியெட்டுக்குச் சொல்லு. உன் லொக்கேஷனை எனக்கும் உங்க ஆபீசுக்கும் போட்டு வை. தனியா உள்ள போகாதே, கூட யாரையாவது கூட்டிக்கோ."

கூட யார் வருவார்கள்? புகைப்படக்காரர் காய்ச்சலில் படுத்திருந்தார். அலுவலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் தலைமை நிருபர் பூபதி. அவர் மறுநாள் பேப்பரின் பக்கங்களை முடித்தாக வேண்டும். நூற்றியெட்டில் வரிசை நீளமாக இருந்தது. பதிவு செய்துகொண்டார்கள், நேரமாகும் என்றார்கள். ஜெர்லின் பூபதிக்கு விஷயத்தைச் சொன்னாள்.

"போ. ஆனா அரைமணிக்கு ஒருதரம் எனக்குப் பேசணும். பேசலைன்னா நான் வெண்ணந்தூர் ஸ்டேஷனுக்கு ஃபோன் அடிச்சிருவேன்" என்றார் பூபதி.

படியிறங்கும்போது அம்மா வாசற்கதவோரம் நின்றிருந்தாள். அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். "எங்கடி இந்நேரத்துக்கு?"

"ஒரு பொண்ணுக்கு மூச்சு முட்டுதும்மா. வீட்ல மறைக்கறாங்க."

இன்பமேரி ஒரு கணம் மகளையே பார்த்தாள். பிறகு சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டாள். "அவ அம்மா மனசு என்ன பாடுபடுதோ. போ. பாத்துப் போ."

ஸ்கூட்டியின் பெட்டியில் பயிற்சிக்காரர்கள் கூரியரில் அனுப்பிய பை இருந்தது: முகக்கவசங்கள், முகத்துக்கு மாட்டும் பிளாஸ்டிக் தகடு, கையுறை, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி. சீலநாயக்கன்பட்டி தாண்டி மல்லூர் வரை சாலை வெறிச்சென்று கிடந்தது. மாவட்ட எல்லைச் சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "பொம்பளைப் புள்ள தனியா ஏம்மா சுத்தற?" என்றார். அவள் வண்டியை முறுக்கினாள். வண்டி ஓட ஓட நெஞ்சுக்குள் அந்த மூச்சு வாங்கும் குரலே ஓடியது. இரண்டு முறை வழி தவறி மரவள்ளிக் காட்டு மண்தடத்துக்குள் போய்த் திரும்பினாள். திரும்பும்போதெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

ஊர்த்தலைவாசலிலேயே தொற்று வந்த ஒரு வீட்டைத் தகரம் அடித்து மூடியிருந்தார்கள். தகரத்துக்கு மேல் ஒரு பெண்ணின் கண்கள் மட்டும் தெரிந்தன. ஜெர்லின் நின்று வழி கேட்டாள். அந்தப் பெண் கையை நீட்டிக் காட்டினாள்.

நித்யஸ்ரீயின் வீடு ஊரைத் தாண்டித் தோட்டத்துக்குள் இருந்தது. ஜெர்லின் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிப் பையில் போட்டாள். வண்டியைச் சாலையைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினாள். முகப்பில் ஒட்டியிருந்த "பிரஸ்" என்ற எழுத்தும் அதனால் வீட்டுக்காரர் கண்ணில் படாமல் போயிற்று.

தோளில் துண்டோடு ஒருவர் களத்தைக் கடந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும், உறுதியான உடம்பு, கண்கள் மட்டும் சிவந்திருந்தன. அவர்தான் தனபால், நித்யஸ்ரீயின் அப்பா.

"ஏனுங்க, யாருங்க நீங்க?"

"நித்யாவோட ஃப்ரெண்டுங்க. சேலத்துல இருந்து வர்றேன். பாத்துட்டுப் போயிடறேன்."

"புள்ள ஊர்ல இல்லீங்களே. மாமன் ஊட்டுக்குப் போயிருக்குதுங்க."

"காலைல அவகிட்டப் பேசினேங்க. நீங்கதான் குடுத்தீங்க."

அவர் முகம் மாறியது. "நீங்க கெளம்புங்க. இந்த நேரத்துல ஊடு ஊடா வரக்கூடாதுன்னு தெரியாதுங்களா?"

அதற்குள் கிணற்றுப் பக்கமிருந்து இருமல் கேட்டது. நீண்டு, வறண்டு, நடுவில் அறுந்து மறுபடி பிடித்த இருமல். ஜெர்லின் அந்தப் பக்கம் திரும்பினாள். தனபால் குறுக்கே வந்து நின்றார். வீட்டுக்குள்ளிருந்து கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த நித்யஸ்ரீயின் அம்மா பாவாயி அப்படியே நின்றுவிட்டாள். கிண்ணம் அவள் கையில் ஆடியது.

"சாமி, மோட்டார் ரூம்ல கெடக்குது என்ற புள்ள" என்று உடைந்தாள் அவள். "ராவெல்லாம் மூச்சு இழுக்குது. எம்பேச்சை இந்த ஊட்ல யாரு கேக்கறா?"

"நீ சும்மா இரு!" என்றார் தனபால். ஆனால் அதட்டல் பாதியிலேயே தளர்ந்துவிட்டது. ஜெர்லினைப் பார்த்துச் சொன்னார்: "நாங்க ஒண்ணும் கட்டிப்போட்டு வெக்கலீங்க. கஷாயம் குடுக்கறோம், மாத்திரை குடுக்கறோம். எங்கண்ணனைப் போன வாரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. நடந்து போயி வண்டில ஏறுன மனுசன். பொட்டலமாக் கட்டிக் குடுத்தாங்க. மூஞ்சியக்கூடப் பாக்கலீங்க நானு. என்ற புள்ளைய அனுப்ப மாட்டன். செத்தாலும் எங்கண்ணு முன்னால சாகட்டும்."

ஜெர்லினுக்கு ஆயிரம் வாதம் வாய்வரை வந்தது. தகட்டை மாட்டி, கையுறை போட்டுக்கொண்டு, அந்தக் கருவியை எடுத்தாள்.

"நான் எங்கயும் கூட்டிட்டுப் போகலைங்க. இதை மட்டும் அவ விரல்ல மாட்டிப் பாத்துக்கறேன். முதல்ல நீங்க மாட்டுங்க."

என்ன நினைத்தாரோ, விரலை நீட்டினார். தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. "தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருந்தா நல்லதுங்க. வாங்க, நீங்களே வந்து பாருங்க."

மோட்டார் அறையில் ஒரு கயிற்றுக் கட்டில். ஆயில் வாடை. சுவரோரம் மண்வெட்டியும் உர மூட்டையும். கட்டிலில் ஒரு பெண் காலை மடக்கிக் கிடந்தாள். கைபேசியில் சிரித்துக்கொண்டே பேசுகிற அந்தக் குரலுக்கு ஜெர்லின் மனசில் ஒரு முகம் வரைந்து வைத்திருந்தாள். இது வேறு முகம், இன்னும் சின்ன முகம். உதடு கறுத்திருந்தது.

"நித்யா, நான் ஜெர்லின்."

அவள் கண்ணைத் திறந்தாள். பேச வாயெடுத்தாள், முடியவில்லை. ஜெர்லினின் கையுறையைப் பிடித்துக்கொண்டாள். கருவி எண்பத்தாறு என்று காட்டியது. கொஞ்சம் பொறுத்து எண்பத்துநாலு.

ஜெர்லின் அதை அப்பா பக்கம் திருப்பிக் காட்டினாள். தனபால் குனிந்து பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். மறுபடி மகளின் விரலைப் பார்த்தார். அவர் தோளிலிருந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

"கஷாயத்துல இது ஏறாதுங்க" என்றாள் ஜெர்லின். "நீங்களும் கூடவே வாங்க. வாசல்லயே இருங்க. உள்ள என்ன நடக்குதுன்னு நான் கேட்டுச் சொல்றேன். அது என் பொறுப்பு."

அவர் குனிந்து துண்டை எடுத்து உதறினார். வெளியே பாவாயி விசும்புவது கேட்டது. கடைசியில், "பேப்பர்ல வரக்கூடாதுங்க" என்றார். "எங்க ஊட்டையும் தகரம் அடிப்பாங்க. பால் சொசைட்டில பால் வாங்கமாட்டாங்க. சத்தியம் பண்ணுங்க."

தான் பத்திரிகைக்காரி என்பது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது என்று ஜெர்லினுக்கு அப்போதுதான் உறைத்தது. "எழுத மாட்டேங்க" என்றாள்.

நித்யஸ்ரீயைக் குப்புறப் படுக்க வைத்து, நெஞ்சுக்கடியில் தலையணை கொடுத்தாள். எண் இரண்டு ஏறியது. ஆம்புலன்ஸ் வரும்வரை ஜெர்லின் களத்துக்கும் சாலைக்குமாக நடந்தாள். பூபதிக்குப் பேசினாள், சென்னைக்குப் பேசினாள், படுக்கை எங்கே காலியாக இருக்கிறது என்று கேட்டு, தனக்குத் தெரிந்த அதிகாரிகளுக்கெல்லாம் பேசினாள். சேலத்துக்கு வெளியே புதிதாக அமைத்த ஆக்சிஜன் மையத்தில் ஓர் இடம் இருப்பதாகப் பதில் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆம்புலன்ஸுக்குப் பின்னால் தனபால் தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். அதற்கும் பின்னால் ஜெர்லின்.

அம்மாவின் ஆஸ்துமாவுக்குப் பயந்து அந்த வாரம் ஜெர்லின் வீட்டுக்குப் போகவில்லை, தனபாலிடமும் அதைச் சொல்லியிருந்தாள். அலுவலகத்தின் பழைய பேப்பர்க் கட்டுகள் கிடந்த அறையில் பாயை விரித்துக்கொண்டாள். பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. அவளால் நம்ப முடியவில்லை, இன்னொரு தரம் எடுத்தாள். அம்மா ஃபோனில், "என் இருமல் பழைய இருமல்தான், நீ தூங்கு" என்று சொல்ல வேண்டியிருந்தது. தினமும் மையத்துக்குப் போய், உள்ளே இருந்த செவிலியரிடம் கேட்டு, வேப்பமரத்தடியில் காரிலேயே படுத்துக்கிடந்த தனபாலிடம் வந்து சொன்னாள். "இன்னிக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டாளாம்" என்று சொன்ன நாளில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நெடுநேரம் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நித்யஸ்ரீக்குப் பேச்சு வந்ததும் முதலில் கூப்பிட்டது ஜெர்லினைத்தான்.

"அக்கா, எங்க ஊர்ல இன்னும் காய்ச்சக்காரங்க இருக்காங்க. பெரியப்பா ஊட்டுக் காதுகுத்துக்கு ஊரே வந்துச்சுங்க. நானும் போனன். ஊரடங்குல கூட்டம் கூடுதுன்னு ஊர் ஊராப் படம் புடிச்சவ, எங்கூட்டு விசேசத்துல கேமராவ எடுக்கலீங்க. ஊடு ஊடா மறைச்சு வெச்சிருக்காங்க. நீங்க எழுதுங்க."

"உங்கப்பாகிட்ட எழுத மாட்டேன்னு சொல்லிட்டேன் நித்யா."

"அப்ப அவிய சாகட்டுமாங்க்கா?"

விஷயம் பூபதி காதுக்கும் போயிற்று. "முதல் பக்கத்துல வர்ற கதை. பேரை மாத்திப் போடு" என்றார். பேரை மாற்றினாலும் அந்த ஊரில் யாருக்குத் தெரியாது? அவள் மாட்டேன் என்றாள். பூபதி ஒரு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை. சொன்ன சொல்லா, அந்த ஊரில் மூச்சுக்குத் தவிக்கிற யாரோ ஒருவரா என்று அவள் மாற்றி மாற்றி யோசித்தாள். பாயில் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. விடிந்ததும் தனபாலிடம் நேராகப் போய், சுகாதாரத் துறைக்கு மட்டுமாவது சொல்லட்டுமா என்று கேட்டுவிடுவது என்று கிளம்பினாள்.

அதற்குள் நித்யஸ்ரீ முந்திக்கொண்டாள். மூக்கில் குழாயோடு, கட்டிலில் சாய்ந்தபடி, செவிலியரின் கைபேசியை வாங்கித் தன்னைத்தானே படம் பிடித்திருந்தாள். தன் பேரைச் சொன்னாள், ஊர்ப் பேரைச் சொன்னாள். "நான் செய்தி எடுக்கறவ. எங்கூட்லயே மறைச்சோம். மோட்டார் ரூம்ல கெடந்தன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தாப் போயிருப்பன். எங்கப்பன் கெட்டவர் இல்லீங்க, பயந்தவரு. நீங்களும் பயந்துக்கிட்டுத்தான் இருப்பீங்க. ஆனா கதவைத் தொறந்து ஆளைக் கூப்பிடுங்க." அவ்வளவுதான். அவளுடைய சேனலே அதைப் போட்டது. சாயங்காலத்துக்குள் வெண்ணந்தூர் வட்டாரத்தில் அதைப் பார்க்காதவர்கள் இல்லை.

மறுநாள் அத்திக்காட்டுப்புதூரில் காய்ச்சல் முகாம் போட்டார்கள். முதலில் யாரும் வரவில்லை. பாவாயி தனியாக வந்து வரிசை இல்லாத வரிசையில் நின்றாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். பலரை உடனே ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். ஒரு முதியவர் போகிற வழியிலேயே இறந்துபோனார். மற்றவர்கள் பிழைத்தார்கள். தெருவுக்கே தகரம் அடித்தார்கள், தோட்டத்து வீட்டையும் விடவில்லை. நித்யஸ்ரீ வீட்டுப் பாலைச் சொசைட்டியில் வாங்கவில்லை. தனபால் பயந்த எல்லாமும் நடந்தது.

அவர் ஜெர்லினைக் கூப்பிட்டார். "நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"இல்லீங்க. சத்தியமா எனக்குத் தெரியாது. கேட்டிருந்தா தடுத்திருக்கவும் மாட்டேன். அதையும் சொல்லிடறேன்."

அவர் ஃபோனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வேப்பமரத்தடியில் ஜெர்லின் போய் நின்றால், சொல்வதைக் கேட்டுக்கொள்வார். திரும்பி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் நித்யஸ்ரீ சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வெளியே வந்தாள். ஆளே பாதியாகியிருந்தாள். வாசலில் அப்பாவைக் கண்டதும் நின்றுவிட்டாள். அவர் கிட்டே வரவில்லை. காரின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஒதுங்கி நின்றார்.

"அப்பா, என்ற மேல கோவமாங்கப்பா?"

"ஊர்ப் பேரைக் கெடுத்துட்டோம்னு எங்கண்ணன் மகன் எங்கூடப் பேசறதில்ல" என்றார் தனபால். "ஊர்ல பாதிப்பேரு பேசறதில்ல. மீதிப்பேரு உன்னக் கேட்டுக்கிட்டே இருக்காங்க, எப்பக் கூட்டியாருவன்னு." கொஞ்சம் நிறுத்தி, "ஏறு. வெயில்ல நிக்காத" என்றார்.

அவள் ஏறிக்கொண்டாள். அவர் ஓட்டுநர் பக்கம் போனவர் திரும்பி ஜெர்லினைப் பார்த்தார். அத்தனை நாளில் முதல் முறையாக அவராகவே ஒன்று கேட்டார்.

"உங்கம்மாளுக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

"நல்லா இருக்காங்க. இன்னிக்குத்தான் வீட்டுக்குப் போறேன்."

"போங்க, போங்க. அவங்க பாத்துக்கிட்டே இருப்பாங்க."

நித்யஸ்ரீ கண்ணாடியை இறக்கி, "நாளைக்கே கூப்பிடறனுங்க்கா, வேலைக்கு எப்பப் போலாம்னு பேசோணும்" என்றாள். முன்னிருக்கையில் தனபால் பெருமூச்சு விட்டது ஜெர்லினுக்கு வெளியே கேட்டது. கார் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று.

ஜெர்லின் வண்டியை எடுப்பதற்குள் பூபதி கூப்பிட்டுவிட்டார். ஆத்தூரில் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் வடக்கத்தித் தொழிலாளர்கள் காய்ச்சலோடு உள்ளேயே அடைபட்டிருக்கிறார்களாம், உடனே போக முடியுமா என்றார். அவள் ஒரு கணம் வீட்டுப் பக்கம் போகும் சாலையைப் பார்த்தாள்.

"போறேன் சார். ஆனா நாளைக்குக் காலைல. கூட ஒரு ஆள் வேணும். தனியாப் போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திராமல் வண்டியை அரிசிப்பாளையத்துக்குத் திருப்பினாள்.